ஆள் ஏறிப் பார்க்காத வண்டி

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, தோட்டத்து மேற்கணக்கு டிவிசன் மாதர் சங்கத் தலைவி ஜெயந்தினி அவர்களே, அப்புத்தளையிலிருந்தும் பூனாகலையிலிருந்தும் பதுளைக் கடைத்தெருவிலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கையில் கிரீஸ் காயாமல் ஓடி வந்திருக்கும் கராஜ் தோழர்களே, முன்வரிசையில் இருக்கும் லிங்கம் பாஸின் மனைவி, எங்கள் பாக்கியலெட்சுமி அக்கா அவர்களே! உங்கள் எல்லோருக்கும் ரஜீவின் வணக்கம்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் வண்டிகளுக்கு ஸ்பிரிங் பட்டை அடிக்கிறவன். லிங்கம் பாஸின் கராஜில் உலையும் சம்மட்டியும் என் பொறுப்பு. மற்றதெல்லாம் அவர் பொறுப்பு. மீசை முளைத்த காலத்திலிருந்து இருவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தோம். வேலை செய்தோம் என்று சொல்கிறேன், கேட்டவர்கள் சண்டை போட்டோம் என்பார்கள். இரண்டும் உண்மைதான்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அழகாகப் பேசினார்கள். ஒருவர் அவரை மேதை என்றார். இன்னொருவர் மலையகத்தின் மாணிக்கம் என்றார். அவர் காதில் விழுந்திருந்தால், "யாரய்யா அது, புதுசா நம்ம கராஜுக்கு வந்திருக்கிறது?" என்று திரும்பிப் பார்த்திருப்பார். நம் ஊரில் பாஸ் என்கிற பட்டத்தை யாரும் மேடை போட்டுக் கொடுப்பதில்லை. கைவேலையைப் பார்த்துச் சனம் தானாகக் கூப்பிடும். லிங்கம் பாஸ் என்று சனம் கூப்பிட்டது. அதற்கு மேல் ஒரு பட்டம் அவருக்கு எதற்கு? சொல்லுங்கள், எதற்கு?

என் முகத்தைப் பார்த்துச் சிலர் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியும். இவன் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லையே என்று. இல்லைதான். அவரை எடுத்துச் சென்ற அன்றும் இல்லை, காரியத்தன்றும் இல்லை, இன்றும் இல்லை. சம்மட்டி தவறி விரலில் விழுந்தால் முதலில் வலிக்காது. விரல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நான் இன்னும் அந்த இடத்தில்தான் நிற்கிறேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஒன்றும் தெரியவில்லை. அதனால் அழுகையைப் பற்றிப் பேசப் போவதில்லை. வேலையைப் பற்றிப் பேசுகிறேன். அது ஒன்றுதான் எனக்குப் பேசத் தெரியும்.

சபையோரே! தோட்டத்துப் பாதை எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வெள்ளைக்காரன் பதித்த கல், அதன் மேல் மழை அரித்த பள்ளம், பள்ளத்தின் மேல் மண்சரிவு கொண்டுவந்து போட்ட பாறை. டவுனில் ஓடுகிற வேனுக்கு முன்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனி இரும்புக் கையில் தொங்கும். தார் ரோட்டில் அது சுகம். மேற்கணக்குப் பாதையில் அந்தக் கை ஒரு மாரிக்குக்கூடத் தாங்காது. மூட்டு கழன்று, சக்கரம் வாய் பிளந்து, வண்டி தேயிலைக் கொழுந்துச் செடிக்குள் மூக்கைக் குத்தி நிற்கும். எத்தனை வண்டியை அப்படிக் கயிறு கட்டி இழுத்து வந்தோம்!

லிங்கம் பாஸ் அந்தக் கைகளை எல்லாம் வெட்டி எறிந்தார். பழைய ஜீப்பிலிருந்து ஒரே துண்டான அச்சைக் கழற்றி வந்து, இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துக் குறுக்கே பூட்டினார். அடியில் பட்டை ஸ்பிரிங். இதைச் செய்கிறவர்கள் நாட்டில் பலர் இருக்கிறார்கள். அச்சைப் பூட்டி, போல்ட்டை முறுக்கி, வண்டி உயரமாக நிற்பதைப் பார்த்துப் படம் எடுத்துப் போடுவார்கள். வேலை முடிந்தது என்பார்கள். நம் பாஸோ, "இப்பத்தான்டா வேலை ஆரம்பிக்குது" என்பார்.

என்ன வேலை அது? அச்சு எவ்வளவு மேலே ஏறலாம், எவ்வளவு கீழே இறங்கலாம் என்று எல்லை போடுகிற வேலை. கேட்கச் சின்ன விஷயம். சக்கரம் கல்லில் ஏறும்போது அச்சு மேலே வரும். வந்தால் எங்கே போய் முட்டும்? எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியில் முட்டும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது அச்சு கீழே போகும். போனால் என்ன ஆகும்? பிரேக் ஹோஸ் இழுபட்டு அறும். மேலே முட்டாமல் இருக்க, இரும்புத் தட்டில் பிடித்த ஒரு றப்பர் கட்டை வைக்க வேண்டும். கீழே அதிகம் தொங்காமல் இருக்க ஒரு வார் கட்ட வேண்டும். அந்த வாரை அவர் பழைய சீட் பெல்ட்டை மடித்துத் தைத்துச் செய்வார். முதலில் ஸ்பிரிங் இல்லாமலே அச்சை ஜாக்கியால் தூக்கித் தூக்கி, ஒரு பக்கம் உயர்த்தி, மறுபக்கம் தாழ்த்தி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, எது எதில் உரசுகிறது என்று படுத்துக் கிடந்து பார்ப்பார்.

எனக்கு இந்த இடத்தில்தான் கோபம் வரும். "என்னாத்துக்கு இந்தப் பாடு? இன்னும் ரெண்டு பட்டை கூட வைக்கிறேன். ஸ்பிரிங் வெறைப்பா நிக்கும். ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது" என்பேன்.

"ஒனக்கென்ன, சம்மட்டியத் தூக்கிட்டுப் போயிருவ. வயித்துப் புள்ளக்காரி அதுல படுத்துக்கிட்டு வருவாளே, அவளுக்குப் பலகையில போட்டு அடிச்ச மாதிரி இருக்குமா இருக்காதா?" என்பார். "வண்டி ஆடணும்டா. ஆடலாம், முட்டக் கூடாது."

ஆடலாம், முட்டக் கூடாது! இதை எத்தனை தடவை அவர் வாயால் கேட்டிருப்பேன்? கேட்டுக் கேட்டு எரிச்சல் வந்து, "இதக் கல்வெட்டுல அடிச்சு வைங்க" என்று கத்தியிருக்கிறேன். இப்போது கேட்க வேண்டும் போலிருக்கிறது. கேட்கவில்லை.

அவர் பிழையே செய்யாத மனிதரா? இல்லை! அவர் செய்த ஒரு பிழையைச் சொல்லாமல் இறங்கினால் அவரே எழுந்து வந்து என்னைத் திட்டுவார். பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு அவர் முதன்முதலாக அச்சு மாற்றிய வண்டி. தோட்டமே திரண்டு வந்து நின்றது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது, தேங்காய் உடைத்தாகிவிட்டது. ஆளை ஏற்றிப் பார்த்து றப்பர் கட்டைக்கு உயரம் போட வேண்டும். யாரை ஏற்றுவது? நம் சனத்தின் வழக்கம் என்ன? எதிலும் முதல் மரியாதை கோயில் கமிட்டிக்கு! கமிட்டிப் பெரியவர்கள் வேட்டியும் சால்வையுமாக, செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, சாமி கும்பிட்டு ஏறி உட்கார்ந்தார்கள். எல்லோரும் வயதானவர்கள். விரதம் இருந்து இருந்து வற்றிப் போனவர்கள். அத்தனை பேரையும் சேர்த்துக் கட்டினாலும் நாலு மூடை அரிசிப் பாரம் வராது. வண்டி பூப்போல ஏறி இறங்கியது. பாஸ் அந்த அளவையே வைத்துக் கட்டையை வெல்டிங் செய்துவிட்டார்.

சம்பளச் சனிக்கிழமை வந்தது. டவுனுக்குப் போன சனம் அரிசி, மா, காஸ் சிலிண்டர், கோழித் தீனி, யாரோ ஒருவருடைய புது அலுமாரி என்று எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு திரும்பியது. மதகு வளைவில் முன்பக்கம் ஒரு குத்துக் குத்தியது பாருங்கள்! அச்சு நேராகப் போய் எண்ணெய்த் தொட்டியில் இடித்தது. தொட்டி வெடித்து எண்ணெய் ரோட்டில் ஓடியது. சனம் சாமான்களைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தது. வண்டியில் கூட வந்த பாஸும் ஒரு சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார். திங்கட்கிழமை காலையில் பெரட்டுக்களத்தில், பேர் கூப்பிட எல்லோரும் வரிசையில் நின்றபோது, கங்காணிக்குப் பக்கத்தில் போய் நின்று சொன்னார்:

"ஒங்க மேல தப்பில்லங்க. வண்டி மேலயும் தப்பில்ல. நான் பாரம் பாக்காம மரியாதை பாத்துட்டேன்."

எத்தனை பேர் இப்படி நின்று சொல்வார்கள்? பெயர் கெடும் என்று பயந்து, பழியை ஓட்டினவன் மேல் போடுகிறவர்கள்தானே அதிகம்? அன்றிலிருந்து அவருக்கு ஒரு சட்டம். மரியாதைக்காரர்கள் ரிப்பன் வெட்டட்டும், பாரம் உள்ளவர்கள் ஏறட்டும். கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பெண்களைக் கூடையோடு கூப்பிடுவார். வடிவம்மா அக்கா பின்வரிசையில் இருக்கிறார், சிரிக்கிறார் பாருங்கள். ஒரு தடவை அவரைப் பார்த்து, "வடிவம்மா, நீ மொதல்ல ஏறு" என்றார் பாஸ். அக்கா விட்டாரா? "என்ன பாஸு, ஊரக் கூட்டி வச்சு என் ஒடம்பக் காட்டுறீங்களா?" என்று ஒரு பிடி பிடித்தார். பாஸ் அசரவில்லை. "ஒன் ஒடம்ப நம்பித்தான் இந்த ஊரே டவுனுக்குப் போகப் போகுது. ஏறு தாயி" என்றார். ஏறினார். அந்த வண்டி இன்றும் ஓடுகிறது.

இன்னொரு வழக்கமும் அன்றிலிருந்துதான் வந்தது. அதை மற்ற கராஜ்காரர்கள் கேலி பண்ணுவார்கள். ரொட்டி மா! பாக்கியலெட்சுமி அக்கா காலையில் ரொட்டிக்குப் பிசையும் மாவில் ஒரு உருண்டையைப் பாஸ் எடுத்து வருவார். அதை அச்சின் முதுகில், எண்ணெய்த் தொட்டிக்கு நேர் கீழே ஒட்டுவார். ஆட்களை ஏற்றி, வண்டியைக் கல்லில் விட்டு இறக்கி, பிறகு அடியில் படுத்துப் பார்ப்பார். மா நசுங்கி எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ, அவ்வளவுதான் அச்சுக்கும் தொட்டிக்கும் இடைவெளி. கட்டைவிரல் கனம் மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் கட்டையை மாற்றி மறுபடி மா.

"அக்கா, ரொட்டி புருசனுக்கா வண்டிக்கா?" என்று நான் கேட்பேன்.

"வண்டிக்குத்தான் மொத ரொட்டி. மிச்சம் இருந்தா மனுசனுக்கு" என்பார் அக்கா.

அளவு சரியானதும் பாஸ் சொல்கிற கடைசி வார்த்தை என்ன தெரியுமா? "சொரண்டிப் போட்டுரு, எலி வரும்." மாவுக்கு எலி வந்தால் பிரேக் ஹோஸையும் சேர்த்துக் கடிக்கும். அதனால் ஒரு துணுக்கு மிஞ்சாமல் சுரண்ட வேண்டும். சோதனை ஓட்டத்தின்போது அவர் உட்காருகிற இடமும் ஒன்றுதான். முன்சீட், இடது பக்கம், றப்பர் கட்டைக்கு நேர் மேலே. காலுக்கடியில் காதை வைத்தது போலக் குனிந்து உட்கார்ந்திருப்பார். ஏதாவது இடித்தால் முதலில் தன் உடம்பில் இடிக்க வேண்டும் என்பார்.

இப்போது நான் பேச விரும்பாத இடத்துக்கு வருகிறேன்.

மேற்கணக்குச் சனத்தை உங்களுக்குத் தெரியும். மீரியபெத்தையில் மலை சரிந்து சனத்தை மூடிய பிறகு, மழை இருட்டிக்கொண்டு வந்தால் அங்கே யாரும் தூங்குவதில்லை. போன மாரியில் பாதை உடைந்தது. ஜெயந்தினி அம்மாவின் மகள் கௌசிகாவுக்கு அன்று வலி எடுத்தது. வேன் மேலே வர முடியவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து, கம்பில் கட்டி, மழையில் நனைந்து நனைந்து தூக்கி வந்தார்கள். ரோட்டுக்கு வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. அந்தப் பிள்ளை தங்கவில்லை. கௌசிகா இங்கேதான் இருக்கிறாள், தாய்க்குப் பக்கத்தில். மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். இந்த மாரிக்குள் அவளுக்கு நாள் வருகிறது.

அதற்காகத்தான் மாதர் சங்கம் ஒரு பழைய வேனைக் கொண்டுவந்து எங்கள் கராஜில் விட்டது. "மழைக்கு முந்தி குடுத்துருவேன் தாயி" என்று பாஸ் வாக்குக் கொடுத்தார். அச்சு ஏறிவிட்டது. ஸ்பிரிங் ஏறிவிட்டது. சண்டை போட்டு ஒரு பட்டையைக் குறைக்க வைத்தார், குறைத்தேன். றப்பர் கட்டையை ஒரே ஒரு புள்ளி வெல்டிங்கில் பிடித்து வைத்திருந்தார். கீழ் வார் இன்னும் கட்டவில்லை. அன்று காலையில் ஆளில்லாமல், முற்றத்துக் கல்லில் ஒரு தடவை வண்டியை ஏற்றி இறக்கினார். சக்கரத்தைக் கழற்றி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, அடியில் படுத்து மாவைப் பார்த்தார். எழுந்து வந்தார். "பரவால்லடா. நாளைக்கு மேற்கணக்கு ஆளுங்கள வரச் சொல்லு" என்றார். தேத்தண்ணிக் கோப்பையை வாங்கினார். உட்கார்ந்தார். கோப்பை விழுந்த சத்தத்துக்குத்தான் நான் திரும்பிப் பார்த்தேன்.

நோயாளியை ஏற்றுவதற்கென்று செய்த வண்டி கண்ணெதிரே நிற்கிறது, சக்கரம் இல்லாமல். அந்த வண்டியை ஓட்டப் போகிற ஸலீம் தம்பிதான் தன் த்ரீவீலரைக் கொண்டுவந்தான். என் மடியில் கிடத்திப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். போகிற வழியெல்லாம் நான், வண்டி குலுங்குகிறது, வண்டி குலுங்குகிறது என்று ஸலீமைத் திட்டிக்கொண்டே போனேனாம். அவன்தான் சொன்னான். எனக்கு ஞாபகம் இல்லை. வாசலிலேயே டொக்டர் கையை விரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வண்டியை யாரும் தொடவில்லை. யாரோ அதற்கு ஒரு மாலை போட்டிருக்கிறார்கள். சற்றுமுன் பேசிய ஒரு பெரியவர், அதை அப்படியே நினைவுச் சின்னமாக வைக்க வேண்டும், கொட்டகை போட வேண்டும் என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் கேட்கிறேன்: மாலை போட்ட வண்டி மேற்கணக்கு ஏறுமா? கொட்டகைக்குள் நிற்கிற வண்டி கௌசிகாவைத் தூக்கி வருமா? இன்னொருவர், வெளியில் பெரிய கராஜில் கொடுத்து முடித்துவிடலாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அங்கே வெல்டிங் நன்றாகச் செய்வார்கள். கூடையோடு ஆளை ஏற்றிப் பார்ப்பார்களா?

கூட்டம் தொடங்கும் முன்னே ஜெயந்தினி அம்மா வாசலில் என்னைப் பிடித்துக் கேட்டார். "அண்ணே, கேக்கக் கூடாத நேரந்தான். வண்டி என்னாகும்?" நான் செருப்பைத் தேடுகிறவன் மாதிரிக் குனிந்துகொண்டு நழுவிவிட்டேன். ஏன் தெரியுமா? வேலை தெரியாமல் அல்ல. கட்டையை எனக்கு வைக்கத் தெரியும். வாரைத் தைக்கத் தெரியும். நாள் முழுக்கச் சண்டை போட்டவனுக்கு அவர் செய்தது தெரியாமல் போகுமா?

அந்த அச்சின் மேல் அவர் ஒட்டிய மா இன்னும் இருக்கிறது. காய்ந்து கல்லாகிவிட்டது. ஒரு ஓரத்தில் அவர் கட்டைவிரல் அழுத்தின பள்ளம் இருக்கிறது, ரேகையோடு. மறுபடி அளவெடுக்க வேண்டுமானால் அதை எடுக்க வேண்டும். அது ஆள் ஏறாமல் எடுத்த அளவு, அதை வைத்து வெல்டிங் செய்ய முடியாது. செய்தால் அவரே கையைத் தட்டிவிடுவார். தினமும் காலையில் சுரண்டியை எடுத்துக்கொண்டு அடியில் போய்ப் படுக்கிறேன். படுத்துக் கிடந்துவிட்டு எழுந்து வருகிறேன். என்னால் முடியவில்லை, சபையோரே. அழவும் முடியவில்லை, சுரண்டவும் முடியவில்லை. மழை வரப் போகிறது, நான் அந்த மாவைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். நான் என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்கள், என்ன செய்யட்டும்?

என்னக்கா?

கொஞ்சம் அமைதியாக இருங்கள். அக்கா ஏதோ சொல்கிறார். சத்தமாகச் சொல்லுங்கள் அக்கா.

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது. நான் மைக்கில் சொல்கிறேன். பாக்கியலெட்சுமி அக்கா சொன்னது இதுதான்: "அதச் சொரண்டிப் போட்டுரு தம்பி. எலி வரும். காலையில புது மா பிசைஞ்சு தாரேன்."

மன்னிக்க வேண்டும். ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள்.

சரி. சபையோரே, மற்றவர்கள் மேடையில் உறுதிமொழி எடுத்தார்கள். நானும் எடுக்கிறேன். அவர் புகழைக் காப்பேன் என்றெல்லாம் சொல்லத் தெரியவில்லை, அதை அவர் ஓட வைத்த வண்டிகள் பார்த்துக்கொள்ளும். இங்கிருந்து போனதும் முதல் வேலையாக அந்த மாலையைக் கழற்றுவேன். பழைய மாவைச் சுரண்டுவேன், ஒரு துணுக்கு மிஞ்சாமல். காலையில் அக்கா பிசைந்து தருகிற புது மாவை அதே இடத்தில் வைப்பேன். ஸலீம், நீ வந்து ஸ்டியரிங்கைப் பிடி. மேற்கணக்குச் சனமே, கமிட்டிப் பெரியவர்கள் வந்து தேங்காய் உடைக்கட்டும், கும்பிடுகிறேன். ஆனால் ஏறுகிறவர்கள் கொழுந்துக் கூடையோடு வாருங்கள், அரிசி மூடையோடு வாருங்கள், சிலிண்டரோடு வாருங்கள். வடிவம்மா அக்கா, நீங்கள்தான் முதலில். முன்சீட்டில் இடது பக்கம் நான் உட்காருவேன். இடித்தால் என் உடம்பில் இடிக்கட்டும்.

ஜெயந்தினி அம்மா, வாசலில் கேட்டதற்கு இதுதான் பதில். மழைக்கு முந்தி வண்டி மேலே வரும். கொடுத்தது லிங்கம் பாஸின் வாக்கு, அதை முடித்துக் கொடுப்பது எங்கள் கராஜின் கடமை.

கௌசிகா, தங்கச்சி, நீ மட்டும் நாளைக்கு ஏற வேண்டாம். தாயோடு நின்று பார். நாங்கள் எல்லோரும் ஏறி, கல்லில் விட்டு, பள்ளத்தில் விட்டு, மா கட்டைவிரல் கனம் மிஞ்சுகிறதா என்று பார்த்த பிறகு உன்னைக் கூப்பிடுகிறேன். அப்போது ஏறினால் போதும்.